பிஸ்கட் டப்பா மண்

கப்பல் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சீட்டித் துணி கொண்டு வருவார்கள், சீமைச் சோப்பு கொண்டு வருவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு வியாதியாவது கொண்டு வருவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பதினோரு வருஷம் கப்பலில் சோறாக்கிவிட்டு, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மண் கொண்டு வந்தார்.

அப்போது நான் அரியலூருக்கு வாழ்க்கைப்பட்டு வரவில்லை. எல்லாம் கேள்விதான். யுத்தம் தொடங்கிக் கொஞ்ச நாளில், ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினாராம். தெருவே கூடிவிட்டது. அவர் பெண்டாட்டி டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, நம்மூர்ல மண்ணு இல்லேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அந்த அம்மாளைத்தான் நான் அண்ணி என்று கூப்பிட்டேன். அண்ணனின் பேரைச் சொல்லப் போவதில்லை. பேரன் பேத்திகள் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள், எதற்கு வம்பு. தெருவிலும் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரில் நின்றால் கப்பக்காரர். முதுகைத் திருப்பினால் புளுகுணி.

புளுகென்றால் சாதாரணப் புளுகா? சாயந்திரம் கடலை மில் விட்டு வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். அண்ணன் வாசல் புங்கமரத்தடியில் தன் தகரப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நடுக்கடலில் ஒரு நாள் குளிர் தாங்காமல் அலை அப்படியே விறைத்து நின்றுவிட்டதாம். இவர் அதன்மேல் ஏறி நடந்து போய், எதிரே வந்த கப்பலில் ஒரு பிடி கொத்தமல்லி வாங்கி வந்து ரசத்தில் போட்டாராம். இன்னொரு துறைமுகத்தில் கிளிகள் மூன்று பாஷை பேசுமாம். மலையாளம் மட்டும் எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் வரவில்லையாம்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. கதை உச்சிக்குப் போகும் நேரம் பார்த்து உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வரும்.

"பொய்!"

அவ்வளவுதான். அம்மியில் அரைப்பது நிற்காது. அண்ணனும் நிறுத்த மாட்டார். கோயில் பூசையில் மணி அடிக்கிற மாதிரி, அந்தப் "பொய்!" வந்தால்தான் கேட்கிறவர்களுக்குத் திருப்தி.

ஆனால் டப்பா மண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் உள்ளேயிருந்து சத்தம் வராது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கதையை யாரும் முழுசாகக் கேட்டதே இல்லை.

"இந்த மண்ணுக்குள்ள மீனு இருக்கு" என்று ஆரம்பிப்பார். "பிரேசில்னு ஒரு தேசம். அங்க கோடையில குட்டையெல்லாம் வத்திப் போயிடும், மீனும் செத்துப்போயிடும். ஆனா சாவறதுக்கு முந்தி முட்டைய சேத்துக்குள்ள பொதைச்சு வச்சிட்டுத்தான் சாவும். சேறு காஞ்சு மண்ணாப் போனாலும் முட்டை உசுரோட தூங்கிக்கிட்டு இருக்கும். மழை பேஞ்சாப் போதும், குஞ்சு எழுந்து வந்துடும்."

ஒருத்தருக்காவது ஆச்சரியம் வர வேண்டுமே! கடலை மில் ஆள் ஒருவர் பீடியைத் தட்டிக்கொண்டே சொன்னாராம்: "இதுக்கா பதினோரு வருசம் போயிட்டு வந்தீங்க? நம்ம செட்டியேரியுந்தான் சித்திரையில பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. ஐப்பசியில தண்ணி வந்தா கெண்டை வருது, குறவை வருது. இது எங்க ஆயாவுக்கே தெரியும். நீங்க அந்த அலை மேல நடந்தீங்களே, அதைச் சொல்லுங்க."

பாவம் அண்ணன். ஆயிரம் பொய்க்குக் கை தட்டினார்கள், ஒரு நிஜத்துக்குக் கொட்டாவி விட்டார்கள்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம் அண்ணி என்னிடம் சொன்னார்: "அந்த மனுசன் வாயிலேருந்து வந்ததுல நெசம் ரெண்டே ரெண்டு. பொண்ணு பாக்க வந்தப்ப, எனக்கு ஆக்கத் தெரியும், நீ கஷ்டப்பட வேணாம்னு சொன்னது ஒன்னு. இந்த மீனு ஒன்னு."

நம்பாமல்தான் பார்க்கப் போனேன். ஐப்பசி முதல் மழை. வாசலில் பிடித்த மழைத்தண்ணீரை ஒரு அகல வாய்ச் சட்டியில் ஊற்றி வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து மண்ணை விரலால் உதிர்த்து உதிர்த்துப் போட்டார். மறுநாள் காலையில் தண்ணீரில் ஏதோ தூசி ஓடுவது போலிருந்தது. குனிந்து பார்த்தால் தூசிக்குக் கண் இருக்கிறது! யம்மாடி, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அண்ணே, நெசமாவே மீனுண்ணே" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. வழிதவறிய ஊரில் சொந்தக்காரரைக் கண்டவர் மாதிரி பார்த்தார்.

அந்த மண் அவருக்குக் கிடைத்தது ஒரு கிழவரிடமிருந்து. அண்ணன் சோறாக்கியது கல்கத்தாவில் சணல் ஏற்றிக்கொண்டு பிரேசிலுக்குப் போகும் கப்பலில். அங்கே துறைமுகத்துப் பக்கம் வீட்டில் மீன் வளர்த்த கிழவர், இவர் ஆக்கிய மீன் குழம்பை ருசி பார்த்துவிட்டு டப்பாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். "மீனைக் குடுத்து மீனை வாங்கினேன் தங்கச்சி" என்பார்.

ஐப்பசியில் பிறந்தால் மார்கழியில் ஆண் மீனுக்கு நிறம் ஏறிவிடும். சுண்டுவிரல் நீளம். கருநீல உடம்பு, அதில் மூக்குத்திக் கல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பெண் மீன் வெறும் களிமண் நிறம். ஒரு பெரிய மிட்டாய் பாட்டிலில் அடியில் ஏரி வண்டலைப் போட்டு, ஜோடியை அதில் விடுவார். ஆண் வந்து துடுப்பை விரித்து ஆடும். பிறகு இரண்டும் சேர்ந்து தலைகீழாக வண்டலுக்குள் புகுந்து, வால்கூடத் தெரியாமல் மறைந்துவிடும். அந்த நேரம் பார்த்து அண்ணன் தோள் துண்டை எடுத்து பாட்டிலின் மேல் போர்த்துவார்.

"அந்தப் பக்கம் திரும்பிக்க தங்கச்சி. அதுங்களும் குடும்பந்தானே."

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முடிவதற்குள் வெயில் ஏறும், மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். அண்ணன் கலங்க மாட்டார். வண்டலைத் துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். உதிரவும் கூடாது, ஒட்டவும் கூடாது. "புகையிலைப் பதம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டப்பாவில் போட்டு மூடுவார். அடுத்த மழைவரை அந்த மீன் குலம் முழுவதும் அந்த ஒரு டப்பாவில். இரண்டாகப் பிரித்து வைத்துப் பார்த்தார், ஒன்றை எலி தின்றுவிட்டது. யுத்தத்தில் கப்பலும் இல்லை, இனிமேல் போய் வர அவருக்கு முழங்காலும் இல்லை. டப்பா போனால் போனதுதான்.

அவருக்கு மீன் பெரிசா, தன் பேச்சை ஒருத்தராவது நம்புவது பெரிசா என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும். ஒரு மார்கழியில், பெரம்பலூரில் சயன்ஸ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார், அவருக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு பித்தளைச் சொம்பில் ஜோடியை விட்டு, மேலே துணி கட்டி, கரி பஸ் ஏறினார். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு கட்டியிருப்பார்கள். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். இவர் ஒரு கையில் சொம்பு, ஒரு கையால் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வாத்தியார் சொம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அழகான மீன். எங்க புடிச்சீங்க?" என்றாராம். இவர் மண்ணு, முட்டை, பிரேசில் என்று சொல்ல, "அப்படியெல்லாம் எங்க புஸ்தகத்துல இல்லீங்களே" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று புங்கமரத்தடியில் கதை கிடையாது.

இன்னொரு தடவை சுகாதார இன்ஸ்பெக்டர் தெருவுக்கு வந்தார். கொசு ஒழிப்பாம், தேங்கின தண்ணீரையெல்லாம் கொட்டு என்று உத்தரவு. மீன் சட்டியைப் பார்த்துவிட்டார்.

"சார், இதுல கொசுவே வராது சார். இந்த மீனு கூத்தாடிப் புழுவைத்தான் திங்கும். தெருவுல உள்ள புழுவையெல்லாம் நான் அள்ளியாந்து இதுக்குத்தான் போடறேன்" என்றார் அண்ணன். அத்தனையும் சத்தியம்.

"கதை விடாதய்யா, கொட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணன் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "சரிங்க சார், கொட்டிடறேன். கலெக்டர் வூட்டம்மாவோட கண்ணு வைத்தியத்துக்கு வச்ச தண்ணி. நாளைக்கு ஆள் வந்தா, சார்தான் கொட்டச் சொன்னாங்கன்னு சொல்லிடறேன்."

இன்ஸ்பெக்டர் சட்டியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டார். உள்ளேயிருந்து அண்ணி, ஆள் தெருமுனை தாண்டுகிறவரை பொறுத்திருந்து, "பொய்!" என்றார்.

இனிமேல் சொல்லப் போவது என் யோக்கியதையைப் பற்றியது. இத்தனை வருஷம் கழித்தும் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

யுத்தம் முடிந்த வருஷம், புரட்டாசி. என் மாமியாருக்கு முதுகில் ஒரு பெரிய கட்டி. அத்தையின் முதுகு லேசுப்பட்ட முதுகல்ல, ஒரு மரக்கால் நெல் காயப் போடலாம். அதன் நடுவில் கட்டி. எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களோ மற்றவர்களோ, கட்டி, புண் என்றால் ஏலாக்குறிச்சி மாதா கோயில் மண்ணைக் குழைத்துப் போடுவார்கள். அந்தக் காலத்து ராஜாவின் பிளவைக்கே அந்த மண்தான் மருந்து என்று பேச்சு. போன திருநாளுக்கு நான் அங்கே போனபோது அந்த மண்ணை ஒரு முடிச்சு எடுத்து வரும்படி அத்தை என்னிடம் சொல்லியிருந்தார். நான் வளையல் கடையில் நின்று, மறந்துவிட்டு வந்து, "எடுத்தாந்துட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

இது ஒரு சின்னப் பொய்தானே என்று நினைக்காதீர்கள். அத்தை எதையும் பொறுப்பார், பொய்யைப் பொறுக்க மாட்டார். ஒரு பொய்க்காக மூத்த மருமகளை ஆறு மாசம் தாய் வீட்டில் உட்கார வைத்தவர். கட்டி விண்விண்ணென்று தெறிக்க, "எங்கடி அந்த மண்ணு?" என்றார். கொல்லை வழியாக அண்ணி வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணி ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தார். அண்ணனையும் காணோம். கதவு சாத்தித்தான் இருந்தது. அவர்கள் வீட்டிலும் ஏலாக்குறிச்சி மண் இருக்கும் என்று தெரியும். எங்கே இருக்கும்? கூடத்தில் மாதா சுரூபத்தின் பக்கத்தில் வெள்ளைத் துணி சுற்றி, மேலே ஒரு ஜெபமாலை வைத்து ஒரு டப்பா இருந்தது. வேறெங்கே தேட? புண்ணிய மண் மாதா பக்கத்தில் இல்லாமல் உப்பு ஜாடி பக்கத்திலா இருக்கும்?

உப்பு ஜாடி பக்கத்தில்தான் இருந்திருக்கிறது, ஒரு கொட்டாங்கச்சியில். மாதா மாடம்தான் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம், எலி ஏறாத இடம் என்று அண்ணன் அந்த வருஷம்தான் மீன் டப்பாவை அங்கே மாற்றி வைத்திருந்தார். ஜெபமாலை அவர் வேண்டுதலுக்குப் போட்டது. துணியை அவிழ்த்தபோதும் அது பிஸ்கட் டப்பா என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. பயத்தில் இருக்கிறவளுக்குக் கண் எங்கே தெரிகிறது?

மூன்று கை அள்ளினேன். முதுகு அவ்வளவு பெரிசு. டப்பாவில் கொஞ்சமும் மிச்சமில்லை. கேட்காமல் எடுத்தது தெரிந்துவிடுமே என்று எங்கள் கொல்லை மண்ணைக் கொண்டு வந்து போட்டு நிரப்பி, துணியைச் சுற்றி, ஜெபமாலையையும் வைத்துவிட்டு வந்தேன். திருட்டிலும் எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

மண்ணைக் குழைத்து அப்பியதும் அத்தை கண்ணை மூடிக்கொண்டார். "குளுகுளுன்னு இருக்குடி. மாதாவே!" என்றார். மூன்றாம் நாள் கட்டி பழுத்து உடைந்தது. பத்து காய்ந்து உதிர்ந்ததை ஒரு துளி விடாமல் சேர்த்து, துணியில் முடிந்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை வந்தது. அண்ணன் சட்டியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வருஷா வருஷம் பார்க்கப் போகிறவள் நான் ஒருத்திதானே. கூடத்திலிருந்து அந்த வெள்ளைத் துணியோடு அவர் வெளியே வந்தபோதே நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. துணியை அவிழ்த்தார். மண்ணை உதிர்த்துப் போட்டார். ஒரு கடலைத் தோல் மிதந்து மேலே வந்தது.

அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கொல்லையில் உட்கார்ந்து கடலை உரிப்பது தெருவிலேயே எங்கள் வீடு ஒன்றுதான். தேள் கொட்டின திருடி மாதிரி நான் நின்றேன்.

மூன்று நாள் அந்தச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடலை மில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்து, "என்ன கப்பக்காரரே, இந்த வருசம் கடலைச் சாகுபடியா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் ஒரு மண்புழு வந்தது. எனக்குத் தாங்கவில்லை. கொல்லை வேலி ஓரம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகையோடு சொன்னேன்.

அவர் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மூணு கையுமா?" என்றார்.

"ஆமாண்ணே."

"அக்காவுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சாமா?" அத்தையை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஆமான்னாங்க."

"இருக்கும். பதம் அப்புடி" என்றார். அந்த நேரத்திலும் அதில் ஒரு பெருமை! பிறகுதான் சட்டென்று நிமிர்ந்தார். "அந்தப் பத்து எங்க தங்கச்சி?"

முடிச்சைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "காஞ்சா என்ன? காயறதுக்குன்னே பொறந்த முட்டை. நூத்துல ஒன்னு தப்பிச்சிருந்தாக்கூடப் போதும். நீ சும்மா இரு, நான் வாங்கிக்கறேன். அக்காவுக்கு ஒன்னும் தெரியாது."

அன்று சாயந்திரமே வந்தார். அத்தை வாசலில் கட்டிலில் உட்கார்ந்து, தெருப் பெண்கள் நாலைந்து பேரிடம் மாதாவின் புதுமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிச்சு மடியில்.

"அக்கா, முழங்கால் வலி தாங்கல. அந்த மண்ணுல ஒரு ரெண்டு பிடி குடுங்களேன்" என்றார் அண்ணன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். ஆயிரம் பொய் சொன்ன வாய், வேண்டிய நேரத்தில் சறுக்கிவிட்டது. அத்தை கண்ணை இடுக்கினார்.

"ஏன் தம்பி, உன் வூட்டுல இல்லாத மண்ணா? திருநாளுக்கு உன் பொண்டாட்டியும் எடுத்தாந்தாளே. அதுக்கு என்ன ஆச்சு?"

அண்ணன் விழித்தார். அத்தை விடவில்லை. "உன் டப்பாவுல மீனு மண்ணுக்குப் பதிலா வேற மண்ணு இருந்துச்சாமே. கடலைத் தோலு மிதந்துச்சாமே. தெருவே சிரிக்குது." சொல்லிக்கொண்டே தலையை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தார். "அடியே, என் முதுகுல நீ எந்த மண்ணைடி அப்புன?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டு வண்டியில் ஏறுவது கண்முன்னே தெரிந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அத்தையின் மடியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவருடைய மீன் அவருக்கு. அத்தனை பேர் முன்னால் அவர் பேச்சும் நிஜமாகும்.

"அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன" என்று சிரித்தார். "மண்ணுல மீனும் இல்ல, ஒன்னும் இல்ல. வருசா வருசம் செட்டியேரியில புடிச்சாந்து வுட்டுட்டு, கப்பல் மீனுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இந்த வருசம் ஏரியில ஆப்புடல. அதான் முழிக்கிறேன். டப்பாவுல கொல்லை மண்ணை அள்ளிப் போட்டவனே நான்தான். அந்தப் புள்ளைய ஏன் பாக்கறீங்க?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்து வாசலில் அண்ணி முறத்தோடு நின்றிருந்தார். எல்லாரும் அங்கே திரும்பினார்கள். அண்ணி முறத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆமாங்க அக்கா. வலை போட்டுப் புடிச்சாந்ததை நானே பாத்திருக்கேன்."

அந்த அம்மாள் வாயில் நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

அத்தைக்குப் பரம திருப்தி. "அதானே பாத்தேன். முழங்காலுக்கு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இந்த வாய்க்குத்தான்டா மருந்து" என்று முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துக் குழைத்து, அண்ணனின் உதட்டில் அழுத்திப் பூசிவிட்டார். "இனிமேலாவது நெசம் பேசு."

அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டு கிளம்பினார். கடலை மில் ஆட்கள் எதிரே வந்து, "என்ன கப்பக்காரரே, ஏரி மீனாமே!" என்று கேலி செய்தார்கள். தன் வாசலில் இருந்த மழைத்தண்ணீர்ச் சட்டியின் முன் மண்டி போட்டு, மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி உதட்டைத் தண்ணீரில் முக்கி, விரலால் மெதுவாகக் கழுவினார். தெருவுக்குப் பார்த்துச் சிரிக்க ஒரு காட்சி கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் தண்ணீரில் கண்ணுள்ள தூசி ஒன்று ஓடியது. ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றை அவர் வளர்த்த வளர்ப்பு! பாசி படிந்த தண்ணீர் தேடிக் கொண்டு வந்து ஊற்றினார், பிறகு கூத்தாடிப் புழுவைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார். மார்கழியில் நிறம் ஏறியது. கருநீலம், வெள்ளைப் புள்ளி. ஆண். கேட்கிறவர்களிடம், "ஏரி மீனுங்க" என்றார். அவ்வளவு நாள் யார் நம்பவில்லை என்று மருகினாரோ, அவர்களே இப்போது உடனே நம்பினார்கள்.

நான் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "பக்கத்து வூட்டு மண்ணை எடுத்துட்டேன் சாமி" என்றேன். "மண்ணா? எவ்வளவு?" என்றார் சாமியார். "மூணு கை" என்றேன். "மூணு பிரியதத்த மந்திரம் சொல்லிட்டுப் போ" என்று அனுப்பிவிட்டார். சொன்னேன். மனசு ஆறவில்லை.

தை மாசம் ஒரு காலையில் மிட்டாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மீன் துடுப்பை விரித்துக் கண்ணாடிக்கு முன்னால் ஆடியது. பிறகு தலைகீழாக வண்டலுக்குள் புகுந்தது. தனியாகத்தான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து சுற்றும் முற்றும் தேடியது. மறுபடி ஆடியது. அண்ணன் வழக்கம் போலத் துண்டை எடுத்தார். எடுத்தவர், போர்த்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நேரே வீட்டுக்கு வந்தேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வளையல் கடையிலிருந்து கடலைத் தோல்வரை ஒன்று விடாமல் சொன்னேன். "பெட்டி கட்டுன்னாலும் கட்டறேன் அத்தை. அந்த முடிச்சை அவருகிட்ட குடுத்துடுங்க. அதுல ஒரு பொட்டை மீனாச்சும் இருந்தா அவரு பொழைச்சுக்குவாரு."

அத்தை கையிலிருந்த கீரையைக் கூடையில் போட்டார். திட்டவில்லை. எழுந்து போய்த் தலையணைக்கு அடியிலிருந்து முடிச்சை எடுத்து வந்து அவிழ்த்தார். வெறும் துணி.

"தலைவலின்னு வந்தா, பல்லுவலின்னு வந்தா, எல்லாருக்கும் ஒரு சிட்டிகை குடுத்துட்டேனேடி" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தெருவில் பாதிப் பேர் நெற்றியில் பிரேசில் மீனைப் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

துணியை மூன்று தடவை உதறிப் பார்த்தார். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் பாட்டிலின் பக்கத்தில் நின்றிருந்தவர் அத்தையைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில், "ஏரி மீனுங்க அக்கா" என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடு" என்றார் அத்தை.

அந்தப் பெரிய உடம்பை மெள்ள மெள்ள இறக்கித் தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டு போனார். மீன் முன்னால் வந்து துடுப்பை விரித்தது.

"ஏண்டா ராசா" என்றார் அத்தை. "என் முதுகுல கெடந்தவனா நீ?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பதினோரு வருஷக் கடலைப் பற்றி மூச்சு விடாமல் பேசிய மனுஷர், ஒரு வார்த்தை வராமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணி உள்ளேயிருந்து ஒரு மணையைக் கொண்டு வந்து அத்தைக்குப் போட்டார். அத்தை அதில் நகர்ந்து உட்கார்ந்து, எங்கள் வீட்டில் கூடையில் கீரை அப்படியே கிடக்க, வெயில் ஏறும்வரை அந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.